விற்கும் விலையா, கேட்கும் ஒலியா?

மின்கிற்றாருக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கப் புறப்படும் இளைஞர் பலர், "நாளை விற்றால் என்ன கிடைக்கும்?" என்றே முதலிற் கேட்கின்றனர். கைப்பொருள் சிறிதாயின் அக்கேள்வியை நாம் குறைகூறோம். எனினும் ஒரு பழைய கதையுண்டு.

இலண்டனில், ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்பவர் வாத்தியக் கடை நடத்தினார். அமெரிக்கரின் 'ஃபெண்டர் பாஸ்மன்' பெட்டி அங்கே பலருக்கு விலையில் எட்டாக்கனி. ஆகவே 1962ஆம் ஆண்டில் அவரும் அவர் கடையாரும் அதன் மின்சுற்றைப் பின்பற்றி, உள்ளூரிற் கிடைத்த உறுப்புகளைக்கொண்டு ஒன்றைச் சமைத்தனர். மூலப் பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு, முதுகு திறந்தது. இவர்கள் சேர்த்ததோ 12 அங்குலத்தில் நான்கு, முதுகு அடைத்தது. ஒலி தடித்தது, சற்றே முரண்டிற்று. அம்முரட்டு ஒலியையே வாசிப்போர் விரும்பினர். மலிவுப் பிரதியாய்ப் பிறந்த அந்த 'ஜே.டி.எம். 45', இன்று சேகரிப்போரிடம் பெருவிலை பெறுகின்றது.

வால்வுப் பெட்டி பாரமானது. வால்வு தேய்ந்தால் மாற்றச் செலவுமுண்டு. ஆயினும் பழுதுபார்த்து நெடுங்காலம் வைத்திருக்கலாம். இலக்கமுறைப் பெட்டி இலேசானது. புதிய மாதிரி வந்ததும் அதன் விலை சரியும். சரியட்டுமே! அறைக்குள் மெல்ல வாசிப்பவருக்கு அது போதும். அயலார் சுவரைத் தட்டும் வீட்டிலே 50 வாட் எதற்கு? கடைக்குத் தம் கிற்றாரையே கொண்டுசென்று, வீட்டில் வாசிக்கும் அளவிலேயே வாசித்துப் பார்க்கட்டும்.