முயற்காய்ச்சல்: கிருமி ஆயுத அச்சமும் போர் விட்டுச்செல்லும் நோயும்

உயிரியல் ஆயுதமாகப் பயன்படுத்தப்படக்கூடியவை என அமெரிக்க சுகாதாரத்துறை முதலாம் வகுப்பில் நிரற்படுத்தியுள்ள நோய்களுள் அந்திராக்ஸ், பெரியம்மை, பிளேக் என்பவற்றை யாவரும் அறிவர். அதே வகுப்பில் இடம்பெற்றிருந்தும் வெளியே அதிகம் பேசப்படாத நோயொன்று உண்டு. அதுவே முயற்காய்ச்சல் என வழங்கும் துலரேமியா ஆகும். இதனை உண்டாக்கும் பிரான்சிசெல்லா துலரென்சிஸ் என்னும் பக்டீரியா பத்தளவில் மூச்சுடன் உட்சென்றாலே ஒருவரை நோயாளியாக்கப் போதுமானது. எமது நாட்டில் எலிக்காய்ச்சல் எனப்படுவது வேறொரு கிருமியால் வருவது. இதனோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. துலரேமியா பெரும்பாலும் வட அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியா, ஜப்பான் ஆகிய பிரதேசங்களுக்கு உரியது.

இக்கிருமி கண்டறியப்பட்டது தற்செயலாகவேயாகும். கலிபோர்னியாவில் பிளேக் நோய் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஜோர்ஜ் மக்கோய், 1911ஆம் ஆண்டில் துலாரே மாவட்டத்துத் தரை அணில்களில் பிளேக்கை ஒத்த, ஆனால் பிளேக் அல்லாத நோயொன்றைக் கண்டார். அடுத்த ஆண்டில் அவரும் சார்ள்ஸ் சப்பினும் அதன் கிருமியைப் பிரித்தெடுத்து, அவ்விடத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். மனிதரிலும் இது தொற்றும் என்பது 1914இல் ஒஹையோ மாநிலத்தில் இறைச்சி வெட்டும் தொழிலாளி ஒருவரின் கண் நோயிலிருந்து உறுதியாயிற்று. யூட்டா மாநிலத்து விவசாயிகளை வருத்திய 'மான் ஈக் காய்ச்சல்' இதுவே என நிரூபித்தவர் எட்வேர்ட் பிரான்சிஸ் ஆவார். ஆராயப் புகுந்த அவரையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. பின்னர் கிருமிக்கு அவரது பெயரே இடப்பட்டது. ஜப்பானில் 1925ஆம் ஆண்டளவில் ஹச்சிரோ ஓஹரா என்னும் வைத்தியர், முயல்களிலிருந்தே இந்நோய் மனிதருக்குத் தொற்றுகிறது என்பதை நிறுவுவதற்காக, நோயுற்று இறந்த முயலின் குருதியைத் தாமாகவே முன்வந்த தமது மனைவியின் கையில் பூசினார், அவரும் நோயுற்றார். இன்று நாம் எளிதாகப் படித்தறியும் உண்மைகள் எத்தகைய விலைகொடுத்துப் பெறப்பட்டவை என்பதை இவை உணர்த்துகின்றன.

முயல், எலி, அணில் முதலிய சிறு விலங்குகளே இக்கிருமியின் உறைவிடம். உண்ணி கடித்தல், மான் ஈ கடித்தல், நோயுற்ற விலங்கை உரித்தல், எலியின் எச்சம் கலந்த உணவையோ நீரையோ உட்கொள்ளல், கிருமி கலந்த தூசியைச் சுவாசித்தல் எனப் பல வழிகளில் அது மனிதரை அடைகிறது. கடும் காய்ச்சலும் புண்ணும் உண்டாகி, அருகேயுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கி நெறிகட்டும். நுரையீரலைத் தாக்கினால் நிலைமை மோசமாகும். எனினும் ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருமுன்னர், வட அமெரிக்காவுக்குரிய கொடிய வகையால் பீடிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மாண்டனர். ஸ்ரெப்ரோமைசின் முதலான மருந்துகளின் வருகைக்குப் பின்னர் அமெரிக்காவில் இத்தொகை நூற்றுக்கு இரண்டிலும் குறைந்துவிட்டது.

சொற்ப கிருமிகளே போதும் என்ற இயல்புதான் படைத்துறையினரின் கவனத்தை இதன்பால் ஈர்த்தது. மஞ்சூரியாவிலிருந்த ஜப்பானியப் படையின் ஆய்வுப் பிரிவுகளும், பின்னர் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இதனை ஆயுதமாக்க முனைந்தன. மத நம்பிக்கை காரணமாக ஆயுதமேந்த மறுத்த அமெரிக்க இளைஞர்கள், 1954 முதல் 1973 வரை நீடித்த திட்டமொன்றில், போட் டெட்ரிக் இராணுவ ஆய்வுகூடத்தின் பரிசோதனைகளுக்குத் தம்முடலை ஒப்புக்கொடுத்தனர். அவற்றுள் துலரேமியாவும் ஒன்று. ஐம்பது இலட்சம் மக்கள் வாழும் நகரொன்றின் மீது இக்கிருமி 50 கிலோகிராம் தூவப்பட்டால் 2,50,000 பேர் நோயுறுவர் எனவும், 19,000 பேர் உயிரிழப்பர் எனவும் 1970இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு மதிப்பிட்டது. அமெரிக்கா 1969இல் தனது தாக்குதல் கிருமி ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. 1972இல் கைச்சாத்திடப்பட்ட உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் வரலாறு காட்டும் உண்மை இம்மதிப்பீடுகளிலிருந்து வேறுபட்டது. 1942இல் ஸ்டாலின்கிராட் போர்முனையில் இந்நோய் பெருமளவில் பரவியது. அது சோவியத் படையே ஏவிய ஆயுதமாக இருக்கலாம் என, அந்நாட்டின் கிருமி ஆயுதத் திட்டத்தில் உயர்பதவி வகித்த கென் அலிபெக் 1999இல் வெளியான தமது நூலில் எழுதினார். ஏனைய ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. ஜேர்மன் படை நகரை அணுகுமுன்னரே அப்பிராந்தியத்தில் நோய் இருந்தது. போரினால் அறுவடை செய்யப்படாது கிடந்த தானியம் எலிகளைப் பெருக்கியது. எலிகளோடு நோயும் பெருகியது என்பதே அவர்களது விளக்கமாகும்.

இவ்விளக்கத்தின் வலுவைக் கொசோவோ உணர்த்தியது. 1999ஆம் ஆண்டுப் போரின் பின் இடம்பெயர்ந்த மக்கள் தமது கிராமங்களுக்குத் திரும்பியபோது, வீடுகள் இடிந்தும் வயல்கள் பாழ்பட்டும் கிடந்தன, கிணறுகள் காப்பற்றிருந்தன. உணவுக் களஞ்சியங்களில் எலிகள் குடிகொண்டிருந்தன. 2000ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட விசாரணையில் 327 பேருக்குத் துலரேமியா தொற்றியமை குருதிப் பரிசோதனை மூலம் உறுதிப்படுத்தப்பட்டது. இது திட்டமிட்ட கிருமித் தாக்குதலோ என்ற ஐயமும் ஆராயப்பட்டது. அதற்கான சான்று கிடைக்கவில்லை. எலிகளின் எச்சத்தால் மாசுற்ற உணவும் நீருமே காரணமெனப் புலனாயிற்று.

ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன. எம்முடலின் காவற்கலங்கள் விழுங்கிய பின்னரும் இக்கிருமி அழியாது, தன்னை அடைத்த உறையை உடைத்து வெளியேறி அக்கலத்தினுள்ளேயே பெருகுகிறது. சோவியத் விஞ்ஞானிகள் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியிலிருந்து உருவாக்கிய தடுப்பு மருந்து அங்கு கோடிக்கணக்கானோருக்கு ஏற்றப்பட்டது. அதன் வழிவந்த தடுப்பூசிக்கு அமெரிக்கா பொதுப் பாவனைக்கான அனுமதியை வழங்கவில்லை. 2004ஆம் ஆண்டில் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில், வீரியம் குறைந்த கிருமியையே கையாள்வதாக எண்ணியிருந்த ஆய்வாளர் மூவர், கொடிய வகை அதனுடன் கலந்திருந்தமையால் நோயுற்றனர். நோயை வெல்வதற்கான ஆய்வும் ஆபத்தற்றதன்று என்பதற்கு இது சான்றாகும்.

ஆயுதமாக வரக்கூடிய கிருமிக்கெதிராக நாடுகள் விழிப்புடனிருப்பது அவசியமே. ஆனால், எவரும் ஏவாமலே போரின் இடிபாடுகளிலிருந்து எழும் நோய்க்கெதிராக அதே விழிப்பு காட்டப்படுவதில்லை. கொசோவோ மக்களுக்குத் தேவைப்பட்டவை மூடிய கிணறும், எலி புகாத களஞ்சியமும், நோயை உரிய காலத்தில் இனங்காணும் வைத்தியசாலையுமேயாகும். துப்பாக்கிகள் ஓய்ந்தவுடன் போர் முடிந்துவிட்டதாகக் கருதுவோர், மீளக்குடியமர்த்தப்படும் மக்களின் குடிநீரையும் உணவையும் முதலில் நோக்குதல் வேண்டும். நூறாண்டு கடந்த முயற்காய்ச்சல் ஆய்வு உலகுக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.