தரவேற்றம் தாமதிப்பதேன்?



வீட்டுக் கணினியில் திரைப்படமொன்றைத் தங்குதடையின்றிப் பார்த்து முடித்த ஒருவர், தாம் எடுத்த சிறிய ஒளிப்பதிவொன்றைக் கடல் கடந்திருக்கும் மகனுக்கு அனுப்ப முற்படுகின்றார். முக்கால் மணி நேரமாகியும் அது போய்ச் சேரவில்லை. வருவது விரைந்து வருகின்றது; போவதோ ஊர்ந்து போகின்றது. இணைப்புப் பழுதாகிவிட்டது என்று அவர் எண்ணுவது இயல்பே. ஆனால் பல வீடுகளில் அங்கு பழுது என்று சொல்லத்தக்கது எதுவுமே இராது. அந்த இணைப்பு அவ்வாறே வகுக்கப்பட்டது. வகுப்பின் இயல்பு எது, உண்மையான பழுது எது என்று பிரித்தறிவதே இன்றைய பேச்சின் பொருள்.

இணையத்திலிருந்து எமது கணினிக்கு வருவதைத் தரவிறக்கம் என்றும், எமது கணினியிலிருந்து இணையத்துக்குச் செல்வதைத் தரவேற்றம் என்றும் வழங்குகின்றோம். நீண்ட காலமாக எம்மில் பெரும்பாலோர்க்குத் தரவேற்றத்தைப் பற்றிக் கவலை கொள்ளும் தேவை எழவில்லை. செய்தி படித்தோம், பாட்டுக் கேட்டோம், படம் பார்த்தோம். இவை யாவும் பெறுதலே. 2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி இலங்கையின் பாடசாலைகள் நோய்த்தொற்றின் பொருட்டு மூடப்பட்டபோது நிலைமை மாறிற்று. ஆசிரியர் தம் பாடத்தை ஒளிப்பதிவாக்கி அனுப்பவேண்டியவரானார். மாணவன் விடை எழுதிய தாள்களைப் படம் பிடித்து அனுப்பவேண்டியவனானான். அந்நாட்களிலேதான், பெறுவதற்கென அமைந்த ஒரு வழியில் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது எமது வீடுகளுக்குத் தெரியவந்தது. இன்று வேலைக்கும் உயர்கல்விக்கும் விண்ணப்பங்கள் இணைய வழியே கோரப்படுகின்றன. இறுதி நாளின் இறுதி மணியில் ஒரு சான்றிதழின் பிரதி ஏறாமற் போனால் இழப்பது சில நிமிடங்களை மட்டுமன்று.

முதலிலே ஒரு சிறு கணக்கு. இணைப்பின் வேகத்தை நிறுவனங்கள் மெகாபிற்றிலே சொல்கின்றன; கோப்பின் பருமனைக் கணினி மெகாபைற்றிலே காட்டுகின்றது. எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்தது ஒரு பைற்று. ஆகவே 300 மெகாபைற்றுப் பருமனுள்ள ஒளிப்பதிவு என்பது 2400 மெகாபிற்று ஆகும். தரவேற்ற வேகம் செக்கனுக்கு ஒரு மெகாபிற்றாயின் அது சென்று சேர 2400 செக்கன், அதாவது 40 நிமிடம் ஆகும். அதுவும் இடையில் யாதொரு தடையும் இல்லாதபோது. இந்தக் கணக்கை அறியாமல் நிறுவனத்தாருடன் சண்டைக்குப் போவோர் பலர். கணக்கைப் போட்டுப் பார்த்தபின் சண்டைக்குப் போவதே நன்று.

இனி, தரவேற்றத்துக்கு வேகத்தை ஏன் குறைத்து வைத்தார்கள்? செப்புக் கம்பித் தொலைபேசி வழியாக வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பை எடுத்துக்கொள்வோம். இதன் பெயரிலேயே ‘சமச்சீரற்ற’ என்னும் பொருள் தரும் சொல் முதற்கண் நிற்கின்றது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிலையத்தில் 1980களில் பணியாற்றிய ஜோசப் லெக்லைடர் என்னும் பொறியியலாளர், இரு திசைக்கும் ஒரே வேகம் கொடுக்க முயல்வதிலும் ஒரு திசைக்குக் கூடுதலாகக் கொடுப்பதே பயன்தரும் என்பதை எடுத்துக் காட்டினார். அதற்கு அவர் கண்ட காரணம் சுவையானது.

நூற்றுக்கணக்கான வீடுகளின் கம்பிகள் ஒரே கட்டாகப் பிணைந்து தொலைபேசி நிலையத்தை அடைகின்றன. வீட்டிலிருந்து புறப்பட்ட மின்குறி சில கிலோமீற்றர் நடந்து களைத்து, மெலிந்த குரலோடு அங்கு வந்து சேருகின்றது. அதே இடத்தில், பக்கத்துக் கம்பிகளிலிருந்து வீடுகளை நோக்கிப் புறப்படும் குறிகளோ அப்போதுதான் பிறந்த வலுவோடு முழங்குகின்றன. அந்த முழக்கம் கசிந்து இந்த மெலிந்த குரலை மூடிவிடுகின்றது. காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அருகே நின்றுகொண்டு, மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஒரு சிறுவன் சொல்வதைக் கேட்க முயன்றவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வீட்டுப் பக்கத்திலோ கம்பிகள் பிரிந்து தனித்தனியே செல்வதால் இவ்விடர் குறைவு. எனவே ஏறும் குறிகளுக்கு ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்கி, மிகுதியை இறங்கும் குறிகளுக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பகுதி எவ்வளவு சிறிது என்பதையும் பார்ப்போம். எமது குரல் செல்வதற்கு 4 கிலோஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட மீடிறன்கள் போதும். அதற்கு மேலே ஏறத்தாழ 25 முதல் 138 கிலோஹேர்ட்சு வரை தரவேற்றத்துக்கு. அங்கிருந்து 1104 கிலோஹேர்ட்சு வரை தரவிறக்கத்துக்கு. பின்னர் வந்த ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் இறக்கத்தின் எல்லை 2208 கிலோஹேர்ட்சாக இரட்டிப்பாகியது. வழக்கமான அமைப்பில் ஏற்றத்தின் எல்லை நின்ற இடத்திலேயே நின்றது. அதனாலேதான் அம்முறையில் இறக்கம் 24 மெகாபிற்று வரை போகக்கூடியதாயிருக்க, ஏற்றம் ஒரு மெகாபிற்றுச் சொச்சத்தோடு நின்றுவிடுகின்றது. இத்தகைய இணைப்பு எஞ்சியுள்ள வீட்டில் ஏற்ற வேகம் முக்கால் மெகாபிற்று என்று அளவுகருவி காட்டுமாயின் அதனைப் பழுதென்று கொள்ளலாகாது.

இதிலே கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. மீடிறன் கூடக்கூடக் கம்பியில் குறி விரைவாகத் தேயும். ஆகவே தொலைபேசி நிலையத்துக்குத் தொலைவிலுள்ள வீட்டில் முதலில் அடிபடுவது இறக்கமே. தாழ்ந்த மீடிறனில் செல்லும் ஏற்றம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இறக்கம் ஓரளவு நன்றாயிருந்து ஏற்றம் மட்டும் திடீரென விழுந்தால், தூரத்தைக் குறைகூறாமல், துருப்பிடித்த மூட்டையோ பழுதான வடிகட்டிப் பெட்டியையோ சந்தேகிக்கவேண்டும். தொலைபேசியைக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகரப்புக் கேட்டால், அதிலும் மழை பெய்த மறுநாள் அது கூடினால், நோய் கம்பியில் இருக்கின்றது.

4ஜீ வழியாக இணையம் பெறும் வீடுகளில் கதை வேறு. அங்கே கோபுரம் பல பத்து வாற்று வலுவோடு பேசுகின்றது. வீட்டிலுள்ள ரவுட்டரோ ஒரு வாற்றின் ஐந்திலொரு பங்கு வலுவோடு மறுமொழி சொல்கின்றது. கோபுரத்தின் குரல் எமக்குக் கேட்பதனால் எமது குரல் கோபுரத்துக்குக் கேட்கும் என்று கொள்ளமுடியாது. மேலும் சில 4ஜீ வலையமைப்புக்கள் ஒரே மீடிறனை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பன. பெரும் பங்கு இறக்கத்துக்கே போகும். எமது பாடசாலையின் கணித ஆசிரியர் ஒருவர் தம் பாடங்களை இரவு முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய ரவுட்டர் வீட்டின் நடு அறையில், இரும்பு அலுமாரியின் மேல், பிளாஸ்ரிக் பூக்களுக்குப் பின்னால் வீற்றிருந்தது. அதனை எடுத்துக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சாளரத்தில் வைத்தபின், இரவெல்லாம் எடுத்த வேலை இராச் சாப்பாட்டுக்கு முன்னே முடிந்தது. அழகுக்காக ரவுட்டரை மறைத்து வைப்பது எமது வீடுகளில் காணப்படும் வீண் வழக்கங்களுள் ஒன்று. ஒரே வேளையில், வீட்டின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு முறை வைத்து வேகத்தை அளந்து குறித்துக்கொண்டால் அதற்குரிய இடம் தானே தெரியும்.

ஒளியிழை இணைப்பு, அதாவது பைபர் என மக்கள் வழங்கும் இணைப்பு, இவ்விடர்களுக்குப் பெரிதும் அப்பாற்பட்டது. பரவலாகப் பயன்படும் ஜீபொன் என்னும் முறையில் இறக்கத்துக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிற்றும் ஏற்றத்துக்கு அதில் பாதியும் உண்டு. அதனைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கு ஏற்றம் குன்றினால் முதலில் சந்தாப் பத்திரத்தையும், பின்பு வீட்டுக்குள்ளேயும் பார்க்கவேண்டும்.

வீட்டுக்குள்ளே பார்ப்பது எப்படி? மாதாந்தத் தரவளவு முடிந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். பல சந்தாக்களில் அளவு முடிந்ததும் வேகம் மிகவும் தாழ்த்தப்படும். அது சரியாயிருப்பின், கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்து, வீட்டிலுள்ள மற்றெல்லாக் கருவிகளையும் வலையமைப்பிலிருந்து விலக்கி, வேகத்தை அளவுங்கள். பின்னர் கம்பியைக் கழற்றி, வழக்கமாக அமரும் இடத்திலிருந்து வைஃபை வழியே அளவுங்கள். முதலாவது நன்றாகவும் இரண்டாவது மோசமாகவும் இருந்தால் குறை சுவர்களிலும் வைஃபையிலும் உள்ளது, நிறுவனத்திற் குறையில்லை. 2.4 கிகாஹேர்ட்சு அலை சுவரைத் தாண்டும், ஆயினும் அயல் வீட்டார் அனைவரும் அதிலேயே நெருக்கியடிப்பர். 5 கிகாஹேர்ட்சு அலை விரைவானது, ஆயினும் இரண்டு கற்சுவர்களுக்கு அப்பால் சோர்ந்துபோகும். கம்பியிலும் வேகம் இல்லையென்றால் காலை, மாலை, நள்ளிரவு என மூன்று வேளை அளந்து எழுதிவையுங்கள். நள்ளிரவில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் இருப்பது நெரிசலின் அடையாளம். மூன்று வேளையும் ஒரே மட்டமாகத் தாழ்ந்திருப்பது பழுதின் அடையாளம், அல்லது சந்தாவின் எல்லை.

ஆயினும் நான் கண்ட அளவில், வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி மறைந்திருக்கும் இன்னொன்றே. அது எமது அனுமதியோடு, எமக்குத் தெரியாமல் தரவை அனுப்பிக்கொண்டிருக்கும் செயலி. கைத்தொலைபேசிகளில் ‘வைஃபை உள்ளபோது மட்டும் படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பு’ என்னும் ஏற்பாட்டைச் சிக்கனம் கருதிச் செய்துவிடுகின்றோம். மாலையில் பிள்ளைகளும் பெரியோரும் வீடு திரும்பியதும் நான்கு தொலைபேசிகளும் ஒரே சமயத்தில் அன்றைய படங்களையெல்லாம் அனுப்பத் தொடங்குகின்றன. கணினியில் வன்டிரைவ் போன்ற சேமிப்பகச் செயலிகளும் அவ்வாறே. விண்டோஸ் கணினியில் கொன்ரோல், ஷிஃப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் எந்தச் செயலி வலையமைப்பை உண்கின்றது என்பதைக் காட்டும் பலகை தோன்றும். ‘ரிசோர்ஸ் மொனிற்றர்’ என்னும் பலகையிலோ ஒவ்வொரு செயலியும் அனுப்புவது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்பது தனித்தனியே காணப்படும்.

இங்கே ஒரு விந்தை. ஏற்றம் நிரம்பினால் இறக்கமும் தளர்ந்துவிடும். இணையத்திலிருந்து வரும் தரவுப் பொதிகளுக்கு எமது கணினி ‘கிடைத்தது’ என்று சிறு பற்றுச்சீட்டு அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். சீட்டுத் தாமதித்தால் அனுப்புவோர் அடுத்த பொதியை அனுப்பத் தயங்குவர். ஒரு பெரிய ஒளிப்பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போது இச்சீட்டுக்கள் ரவுட்டரின் வரிசையில் அதன் பின்னே காத்து நிற்கின்றன. வரிசை நீளமாக இருக்குமாறு ரவுட்டர்கள் அமைக்கப்பட்டிருப்பதே இத்துன்பத்தை வளர்க்கின்றது என்பதை ஜிம் கெற்றிஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 2010ஆம் ஆண்டளவில் தம் வீட்டு இணைப்பிலேயே ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அண்ணன் ஒளிப்பதிவை ஏற்றும்போது தங்கையின் இணையவழி வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டுதுண்டாகக் கேட்பது இதனாலேயே. மருந்து எளியது. வன்டிரைவ், கூகிள் டிரைவ் ஆகியவற்றின் கணினிச் செயலிகளில் ஏற்ற வேகத்துக்கு எல்லை இடும் வசதி உண்டு. அளந்த வேகம் ஒரு மெகாபிற்றாயின் அவற்றுக்கு அரை மெகாபிற்று என எல்லையிட்டுவிட்டால், அந்த வேலை சற்றே நீளும். வீட்டிலுள்ள மற்றவர்களும் பிழைப்பார்கள்.

வழியை அகலமாக்க இயலாதபோது பொதியைச் சிறிதாக்கலாம். கையெழுத்துத் தாளைப் படிப்பதற்கு அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற தெளிவு போதும். 600 புள்ளியில் வருடினால் புள்ளிகளின் தொகை ஒன்பது மடங்காகும். கரும்பலகைப் பாடத்துக்கு 720 வரித் தெளிவு தாராளம். பெரிய கோப்புக்களை இரவிலே ஏற்றுங்கள்; நள்ளிரவுக்குப் பின் தனித் தரவளவு தரும் சந்தாக்களும் உள்ளன. விண்ணப்பத் தளங்களிற் சில, இடையில் இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். அத்தகைய இடத்தில் பெரிய கோப்பை இறுதி நாள்வரை வைத்திருப்பது சூதாட்டமேயாகும்.

இவ்வளவும் செய்தபின்னும் குறை தீராவிடின் நிறுவனத்துக்குத் தொலைபேசுங்கள். ‘இன்ரநெற் ஸ்லோ’ என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குமாறு சொல்லி வைத்துவிடுவர். கம்பியால் இணைத்து, வேறு கருவி எதுவும் இல்லாதபோது, இன்ன திகதி இன்ன வேளைகளில் ஏற்ற வேகம் இவ்வளவு, சந்தாவில் வாக்களிக்கப்பட்டது இவ்வளவு என்று எழுதிவைத்ததைப் பார்த்துச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு அதே தாளிற் குறித்துக்கொள்ளுங்கள்.