மக்கும் பிளாஸ்டிக்கும் கழிவுநீர்த் தொட்டியும்

சேலையை இட்டு விற்கும் உறை முதல் காய்கறிப் பாத்தியில் விரிக்கும் மூடாக்குத் தாள் வரை, ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்னும் பெயருடன் பல பொருள்கள் இன்று விற்பனைக்கு வருகின்றன. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்குத் தடையுள்ள தமிழ்நாட்டில், சங்கங்கள் இவற்றை நாடுவது இயல்பே. ஆனால், எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்பதை அப்பெயர் கூறுவதில்லை. அதனை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

கழிவுநீர் சுத்தமாகும் முறையை முதலில் காண்போம். 1914-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் கண்ட முறையே இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி, அழுக்கை உண்டு, திரள் திரளாகச் சேர்ந்து அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் வெளியேறுகிறது. படிந்த சகதியில் ஒரு பகுதியை, பாலுக்கு உறைமோர் இடுவது போல, மீண்டும் தொட்டியில் விடுகின்றனர்.

நாம் பாவுக்கு இடும் கஞ்சி இத்தொட்டியில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை எளிதில் செரித்துவிடும்; கஞ்சி மிகுந்தால் காற்றும் மிகுதியாக வேண்டும். பருத்தித் துகள் மெதுவாகவேனும் மக்கும். மக்காச்சோள மாவு முதலியவற்றிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக்கின் நிலை வேறு. அது நன்கு மக்குவதற்கு ஏறக்குறைய 58 டிகிரி சென்டிகிரேட் வெப்பமும், ஈரமும், பல வாரங்களும் தேவை. பெரிய உரக் கிடங்குகளில் இவை கிட்டும். தொட்டி நீரில் அவ்வெப்பம் இல்லை. நீர் அங்கே தங்குவதும் பெரும்பாலும் சில மணி நேரமே. ஆகவே, 5 மில்லிமீட்டருக்கும் சிறிதாக உடைந்து வரும் இப்பிளாஸ்டிக், பெரும்பாலும் துகளாகவே சகதியில் சேர்கிறது.

அத்துகள்கள் சாயத்தையும் உலோகங்களையும் தம்மேல் பற்றிக்கொள்ள வல்லவை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. ஆய்வுகூடச் சோதனைகள் சிலவற்றில், துகள்கள் மிகுந்தபோது அவற்றின் வேலை தளர்ந்தது. வேறு சிலவற்றில், மக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த கரிமப்பொருள், நைட்ரேட்டை வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கு உணவாகி நன்மையும் செய்தது. பிளாஸ்டிக்கின் வகையையும் அளவையும் பொறுத்தே விளைவு அமைகிறது. நுண்ணுயிர்கள் தம் உடலிலேயே சேமித்து வைக்கும் பாலிஹைட்ராக்சி பியூட்டிரேட் என்னும் வகை, மேற்கூறியதைவிட எளிதில் மக்கும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இது அயலார் காரியமன்று. சகதியை எருவாக வயலில் இடும்போது, மக்காத துகளும் உடன் வந்து சேரும். இட்டபின் அதைப் பொறுக்கி எடுக்க வழியில்லை.

எனவே, வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்போமாக: இது எவ்வகைப் பிளாஸ்டிக்? எவ்வெப்பத்தில் மக்கும்? எத்தனை நாளில்? ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் தரச்சான்று உரக் கிடங்கில் மக்குவதையே குறிக்கும். சாக்கடை நீரிலும் வயலிலும் மக்கும் என்பதற்கு அது உறுதியன்று. உறைகளையும் தாள் கிழிசல்களையும் சாக்கடையில் விடாமல் தனியே சேர்த்து, உரக் கிடங்கு உள்ள இடத்திற்கு அனுப்புதல் வேண்டும். காகிதமோ துணியோ போதுமான இடத்தில் அவற்றையே கொள்ளுதல் அதனினும் நன்று.