பால் கலந்த கடல்

ஆகஸ்ட் மாதம் நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலைச் செயற்கைக்கோள் படமெடுத்தால், யாரோ பாலைக் கொட்டிக் கலக்கியதுபோல வெளிர்நீலச் சுழிகள் தெரியும். எமிலியானியா ஹக்ஸ்லி என்ற நுண்பாசியின் வேலை அது. ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 200 பாசிகள் வரிசைகட்டலாம்.

பாசியின் பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் விழுங்கிவிடும். மிஞ்சுகிற பச்சைதான் குளத்துத் தண்ணீரில் நம் கண்ணுக்குத் தெரிவது. எமிலியானியாவிடமும் பச்சையம் உண்டு. ஆனால் மேலே சுண்ணாம்புத் தகடுகளால் ஆன சட்டை! பாசி பெருகி முதிர்ந்ததும் தகடுகள் கழன்று கோடிக்கணக்கில் நீரில் மிதக்கும். அவை ஒளியை அவ்வளவாக விழுங்குவதில்லை, நாலாபக்கமும் சிதறடிக்கும். பாலின் வெண்மைக்கும் இதே சங்கதிதான். அங்கே சிதறடிப்பவை கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும்.

இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகள்கூட, இந்தப் பாசியின் பழங்காலச் சொந்தங்கள் உதிர்த்த தகடுகள் படிந்து உருவானவையே.