முத்தி செய்ய வரிசை இல்லாத பெரிய வெள்ளி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த வாரம் என்ன பேசலாம்னு யோசிச்சப்போ ஆபீஸ்ல ஒரு தோழி கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. "தவக்காலம்னா நாற்பது நாள் நான்-வெஜ் சாப்பிடாம இருக்கறதுதானே? அதுக்கு ஏன் கோயிலுக்குப் போகணும், வீட்லயே இருக்கலாமே?" நல்ல கேள்வி. இதே கேள்வியை நான் எங்க ஆச்சிகிட்ட வேற மாதிரி கேட்டு, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

முதல்ல அடிப்படை. கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்கிறோம். சி.எஸ்.ஐ., லுத்தரன் நண்பர்கள் லெந்து நாட்கள் என்பார்கள். லெந்து என்பது ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வசந்தகாலம் என்று பொருள். நமக்கு அது வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்குகிற மாதம், அது வேற விஷயம். பல பெந்தெகொஸ்தே சபைகளில் இந்தக் காலமே கிடையாது. சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்றைக்கு நோன்பு இல்லை என்பதால் ஆறு ஞாயிற்றைக் கழிக்க வேண்டும். மிச்சம் நாற்பது.

எங்க ஆச்சிக்கு தவக்காலம்னு சொன்னா பிடிக்காது. அவங்க வாயில அது தபசுகாலம். சாம்பல் புதன் விபூதிப் புதன். திருப்பலி பூசை. ஒருவேளை மட்டும் சாப்பிடுவது ஒருசந்தி, இறைச்சியை விலக்குவது சுத்தபோசனம். இந்தச் சொற்களெல்லாம் என் அம்மா காலத்திலேயே பாதி மறைஞ்சாச்சு. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுது. சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடை இல்லை. தினமும் மீன் சாப்பிடுகிற ஊரில் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாமல் இருப்பது என்ன பெரிய தியாகம்? சின்ன வயசுல இதைக் கேட்டு சிரிச்சிருக்கேன். ஆச்சி மீனையும் விட்டவங்க.

தவக்கால வழிபாடு ஏதோ ஆதிகாலத்திலிருந்து அப்படியே வருவது மாதிரி நமக்கு ஒரு நினைப்பு இருக்கு. ஆச்சி பிறந்தது 1942-ல். அவங்க சிறுமியா இருந்தப்போ பாஸ்கா திருவிழிப்பு, அதாவது இப்போ நாம நடுராத்திரி மெழுகுவர்த்தியோட நிக்கிற அந்தப் பூசை, சனிக்கிழமை காலையிலேயே முடிஞ்சிடும். மதியத்தோட நோன்பும் முடிஞ்சிடும். 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளை மாற்றி அமைத்தார்; அடுத்த ஆண்டிலிருந்து விழிப்பு இரவுக்குப் போனது. ஆச்சிக்கு அப்போ பதினாலு வயசு. "ராத்திரில பொம்பளப் பிள்ளைகள எப்படி அனுப்புறது"ன்னு ஊர்ல பேச்சாம். அப்புறம் லத்தீன் போய் தமிழ் வந்தது. 1966-ல் கடும் நோன்பு விதிகள் தளர்ந்து, ஒருசந்தி கட்டாயம் என்பது சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் என்றானது. மற்றபடி அந்தந்த நாட்டு ஆயர்கள் சூழலுக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளலாம்.

அதற்கு முன்பே, 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில் ஒரு இடம் இருக்கு. தவக்காலத் தவம் உள்ளுக்குள்ளேயும் தனியாகவும் மட்டும் இருந்தால் போதாது, வெளிப்படையாகவும் எல்லோரும் சேர்ந்தும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப அதை நடத்திக்கொள்ளவும் அதே இடம் சொல்கிறது. என் தோழியின் கேள்விக்கு ஏட்டில் இருக்கிற பதில் இதுதான். ஆனா எனக்கு அது புரிஞ்சது ஏட்டை வெச்சு இல்ல.

2020. பிப்ரவரி 26 சாம்பல் புதன். நான் சென்னையில், வேலைக்குப் போற வழியில் காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல். சாமியார் ஒரே கட்டைவிரலால் ஐந்நூறு நெற்றியைத் தொட்டிருப்பார். யாரும் எதுவும் நினைக்கல. சரியா நாலு வாரத்துல ஊரடங்கு. மார்ச் 25-ஆம் தேதி, இங்கே ஊரடங்கு தொடங்கின அதே நாளில், வத்திக்கானிலிருந்து அந்த ஆண்டின் புனித வாரத்துக்கான அறிவுறுத்தல் வந்தது. பாதம் கழுவுதல் கிடையாது. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்வது பூசை வைக்கும் குருவுக்கு மட்டும்.

எங்க ஊர் தெரியாதவங்களுக்கு இதன் கனம் புரியாது. பெரிய வெள்ளிக்கு எங்க ஊரில் ஒரு வல்லம்கூட கடலுக்குப் போகாது. மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டுவார்கள். சாயங்காலம் பாடுபட்ட சுரூபத்தைக் கீழே இறக்கி வைத்ததும் ஊரே வரிசையில் நின்று அதன் காலில் முத்தி செய்யும். கைக்குழந்தையைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயை வைக்கச் செய்வார்கள். எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சி அந்த வரிசையில் நிற்காத வருஷம் இல்லை.

நான் போன்ல ஆறுதல் சொல்லப் போனேன். "ஆச்சி, டி.வி.ல பூசை போடுறாங்க. நம்ம வீட்டு சுரூபம் இருக்குல்ல, அத முத்தி செஞ்சுக்கோங்க. கடவுள் எங்கேயும்தான இருக்காரு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க: "ஏட்டி, வீட்டு சுரூபத்த நான் தெனமும் முத்தி செய்யேன். இது அது இல்ல. அது ஊரே வாய் வச்ச சுரூபம்."

வைராலஜி தெரிஞ்ச யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்டா பதறிடுவாங்க. அந்த ஊர் வாய்தான் அன்றைக்குப் பிரச்சினையே. ஆச்சிக்கு அதை மதிப்புள்ளதாக்கியதும் அதுவேதான்.

சரி, குறைந்தபட்சம் சிலுவைப்பாதையாவது சேர்ந்து செய்வோம்னு ஐடியா கொடுத்தேன். பெரிய வெள்ளி, ஏப்ரல் 10, மதியம் மூணு மணி. அப்போ வாட்ஸ்அப் குரூப் காலில் நாலு பேர்தான் சேர முடியும். ஆச்சி வீடு ஒன்று, சென்னையில் நான், மதுரையில் சித்தி, வெளிநாட்டில் மாமா. மாமாவுக்கு அங்கே மணி ஒன்றரை. முதல் ஸ்தலம் தொடங்கியது. சித்தி வாசிக்க, நாங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான், மொத்தமும் குளறுபடி. நான் சொல்லி முடிச்சு ரெண்டு நொடி கழிச்சு மாமா குரல் வருது, அதுக்குள்ள ஆச்சி அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. மூணாவது ஸ்தலத்தில் ஆச்சி நிறுத்தினாங்க. "போதும். சந்தக்கடை மாதிரி இருக்கு."

கட் பண்ணிடுவாங்கன்னு நினைச்சேன். பண்ணல. ஒரு ஸ்தலத்துக்கு ஒரு வீடு மட்டும் வாய் திறக்கணும், மற்ற மூணு வீடும் வாயை மூடி முழந்தாள் போடணும்னு பங்கு பிரிச்சாங்க. ஆண்டவர் இறக்கிற பன்னிரண்டாவது ஸ்தலம் அவங்களுக்கு. அந்த ஸ்தலத்தில் கேமரா ஓட்டைப் பிரித்துக் காட்டியது. நரைத்த தலையின் பாதி மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் யாரும் பேசல. நெட் போயிடுச்சோன்னு மாமாதான் "அம்மா?"ன்னார்.

இப்போ ஒரு வேடிக்கையான உண்மை. சிலுவைப்பாதையே ஒரு மாற்று ஏற்பாடு. எருசலேமுக்குப் போய் இயேசு நடந்த தெருவில் நடப்பதுதான் அசல். 14-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே புனித இடங்களைக் கவனித்து வந்தவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். பயணம் போக முடியாத மக்களுக்காக அந்தப் பாதையைச் சொந்த ஊர்களிலேயே அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஸ்தலங்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறியது. பதினாலு என்று 1731-ல்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் உறுதிப்படுத்தினார். இயேசு மூன்று முறை விழுவதும், வெரோனிக்கா முகம் துடைப்பதும் நற்செய்தி நூல்களில் இல்லை, மக்கள் பக்தி சேர்த்தவை. ஆக, நாங்க அன்னைக்குப் பண்ணினது மாற்று ஏற்பாட்டுக்கு ஒரு மாற்று ஏற்பாடு.

இப்படி இடம் மாறி வந்தவை நிறைய. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை இருக்கும், சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் மேல் ஏழு பிரசங்கம். இது பக்கா புராட்டஸ்டண்ட் வழக்கம்னுதான் நான் நம்பிட்டிருந்தேன். அது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லிமாவில், நிலநடுக்கங்களில் ஆடிப்போன ஒரு நகரத்தில், இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது. கத்தோலிக்க வழக்கம்!

ஆனா மாற்று ஏற்பாடு எல்லாமே சமம்னு சொல்ல வரல. 2020-ல் நான் அப்படித்தான் நினைச்சேன். ஆன்லைன் பூசை வசதி, ஸ்கிப் பண்ணலாம், காபி குடிச்சுக்கிட்டே பார்க்கலாம். அடுத்த தவக்காலத்திலும் சென்னையில் அப்படியே ஓட்டினேன், ஆலயம் திறந்திருந்தும்கூட. மூணாவது வெள்ளிக்கிழமை வீடியோவை 1.5 வேகத்தில் வைத்துச் சிலுவைப்பாதை பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது ஸ்தலத்து மௌனத்தை பத்து செகண்ட் தள்ளிவிட கை போனது. அங்கேதான் நிறுத்தினேன். பக்கத்துல நாலு பேர் முழங்கால் வலியோட இருந்தா அந்தக் கை போயிருக்காது.

அந்த 2021-ல் சாம்பலும் மாறியது. குரு வாக்கியத்தை எல்லோருக்கும் சேர்த்து ஒரே முறை சொல்லிவிட்டு, முகக்கவசம் போட்டு, தொடாமல் உச்சந்தலையில் தூவ வேண்டும் என்றார்கள். இத்தாலியில் எப்போதுமே தலையில் தூவுவதுதான் வழக்கம். ஆச்சிக்கு அது தாங்கல. "எங்க விழுந்துச்சுன்னே தெரியலட்டி." ஆனா எல்லா மாற்றத்தையும் அவங்க எதிர்த்தாங்கன்னு நினைக்காதீங்க. 2016-லிருந்து பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் உட்காரலாம் என்று விதி மாறியதே, எங்க பங்கில் முதல் தடவை பெயர் கேட்டப்போ கை தூக்கினவங்கள்ல ஒருத்தர் ஆச்சி. காலில் பித்தவெடிப்பு இருக்குன்னு மூணு நாள் தேங்காய் எண்ணெய் தடவிட்டு இருந்தாங்க.

2022-ல், ஏப்ரல் 15, பெரிய வெள்ளிக்கு நான் ஊருக்குப் போனேன். வரிசை திரும்ப வந்துடுச்சு, ஆனா முத்தி கிடையாது. முன்னால் போய்த் தலை வணங்கிட்டு நகரணும்னு மைக்கில் சொல்லிட்டே இருந்தாங்க. பக்கத்தில் ஒரு தம்பி, வாலண்டியர், வெள்ளைத் துண்டும் சானிடைசரும் வெச்சுக்கிட்டு. எங்க முறை வந்தது. ஆச்சி வணங்கினாங்க. நகரல. மெதுவாக் குனிஞ்சு ரெண்டு விரலால சுரூபத்தின் காலைத் தொட்டு, அந்த விரலைத் தன் வாயில வெச்சுக்கிட்டாங்க. அந்தத் தம்பி "பாட்டி..."ன்னு ஆரம்பிச்சான், அப்புறம் ஒண்ணும் சொல்லாம துண்டால துடைச்சான். எங்களுக்குப் பின்னால நின்ன அக்கா வந்து, வணங்கி, அவங்களும் ரெண்டு விரலால தொட்டாங்க. திரும்பி வரும்போது பார்த்தேன், அவங்களுக்குப் பின்னாடி நின்னவங்களும். அந்தத் தம்பி துடைச்சுக்கிட்டே இருந்தான்.