வலைக்கம்பி வழி வரும் மின்வலு

நம் கரையிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று வலுவுடையது. ஆயினும், அதே கரையில் 13 வாற்று எட்டாமையால் பாடசாலைக் கம்பியில்லா இணையக் கருவி அணைவதுண்டு. அன்று மாணவர் பாடமும் தடைப்படும். காரணம் யாது?

ஈதர்நெட் கம்பி செய்தியுடன் மின்னையும் சுமக்கவல்லது. வலையமைப்பு ஆளியானது மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் தடையைக் கண்டறிந்த பின்னரே மின்னை விடும். 2003ஆம் ஆண்டு நியமப்படி வாயில் ஒன்று 15.4 வாற்று ஈயும். 100 மீற்றர்க் கம்பியில் இழப்புப் போகக் கருவிக்கு 12.95 வாற்றே உறுதி. 2009ஆம் ஆண்டு நியமம் வாயிலின் அளவை 30 வாற்றாக உயர்த்திற்று.

பழுது நேரின், முதற்கண் பழுதற்ற குறுங்கம்பியொன்றால் கருவியை ஆளியுடன் நேரே இணைத்தல் வேண்டும். இயங்குமாயின் குற்றம் நெடுங்கம்பியிலோ அதன் முனைகளிலோ உளது. உப்புக்காற்று முனைகளை அரித்துத் தடையைப் பெருக்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பிக்கோ தடை இயல்பாகவே மிகுதி. இயங்காவிடின் வேறு வாயிலையும், பின்னர் வேறு கருவியையும் இட்டு நோக்குக.

புதிதாய் ஒன்று சேர மற்றொன்று அணையுமாயின் ஆளியின் மொத்த வலுவைக் கணக்கிடுக: 370 வாற்று ஆளி, 30 வாற்றுக் கருவிகள் பன்னிரண்டையே தாங்கும்.

புதிய ஆளி வாங்குமுன் இவற்றை ஆராய்தல் பாடசாலைப் பணத்தைக் காக்கும்; மாணவர்க்கும் அது நல்லதொரு பௌதிகப் பாடமாகும்.