நூலின் நம்பரும் கம்பியின் கனமும்

தணிக்கையின்பொருட்டு ஓர் அங்கத்தினரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தறியில் பாதி நெய்த பட்டுச்சேலை. சங்கம் வழங்கிய பாவு. அதன் மேலே மெல்லிய மின்கம்பியொன்று தொங்கிற்று. அருகில் கை கொண்டுசென்றபோதே சூடு தெரிந்தது. மறுமுனையில், விளக்குக்கான பிளக்கில் 2000 வாட் வெந்நீர்க் கருவி! "அடிக்கடி பியூஸ் போயிற்று, ஐயா. கனமான கம்பியாகப் போட்டுவிட்டேன், இப்போது தொந்தரவில்லை" என்றார் அப்பெரியவர். அவருடைய நிம்மதியே நம்மை அச்சுறுத்திற்று.

பியூஸ் எரிவது குற்றமன்று. அதுவே அதன் கடமை. அது எரியாவிடில் சுவரிலுள்ள கம்பி எரியும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். அக்கருவி ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குப் பிளக்கோ 6 ஆம்பியருக்கே உரியது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும்.

நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலியும். கம்பியிலோ சதுர மில்லிமீட்டர் ஏற ஏறக் கனக்கும். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். வெந்நீர்க் கருவிக்கு 2.5-க்குக் குறையாத தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் தேவை.

2011-ஆம் ஆண்டின் தேசிய மின் விதித்தொகுப்பின்படி, விளக்கு, விசிறி, 6 ஆம்பியர் பிளக் ஆகியவை சேர்ந்த ஒரு சுற்று 10 பாயிண்டுகளுக்கும் 800 வாட்டுக்கும் மேற்படலாகாது. 16 ஆம்பியர் பிளக்குகள் ஒரு சுற்றில் இரண்டுக்கு மேல் கூடா. சுவிட்சும் பியூஸும் பேஸ் கம்பியிலேயே அமைய வேண்டும். நியூட்ரலில் அமைத்தால், சுவிட்சை அணைத்த பின்னரும் கருவியில் மின்சாரம் நிற்கும்.

பிளக்கின் நீண்ட பின் எர்த்துக்குரியது. அதை வெட்டுவது உயிர்காப்பை வெட்டுவதாகும். பியூஸ் கம்பியைக் காக்கும்; மனிதரைக் காக்காது. குழிதறியின் ஈரத்தில் கால் வைத்திருப்போருக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி அவசியம். இவற்றை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும்.

புதிய கம்பியின் விலையையும், தறியிலிருந்த பாவின் விலையையும் ஒரே தாளில் எழுதிப் பெரியவரிடம் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று மெயின் சுவிட்சை அணைத்தார்.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே தம் வீட்டு பியூஸைக் கழற்றிப் பார்ப்பாராக. மெயினை அணைத்த பிறகு!